கண் மூடி நின்றவன்

இப்போதெல்லாம் எவனுக்கும் ஒழுங்காகச் சண்டை போடத் தெரியவில்லை. தவமணிக்கு அதுதான் பெரிய எரிச்சல்.

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்கு எதிரே டீக்கடை. இரண்டு பேர் வந்து உட்காருவார்கள். படத்துக்குக் கண்ணாடி லென்ஸ் முக்கியமா, உள்ளே இருக்கிற புரோகிராம் முக்கியமா என்று ஒருவன் ஆரம்பிப்பான். ஆகா, களை கட்டப் போகிறது என்று இவர் டீயை ஆற்றிக்கொண்டு காதைத் தீட்டுவார். அதற்குள் இரண்டாமவன் காதில் மாட்டியிருக்கிற பொத்தானைத் தொட்டு என்னவோ முணுமுணுப்பான். அது பதில் சொல்லும். "ஓ, அப்படியா" என்பான். "சரி சரி" என்பான் மற்றவன். அம்புட்டுதான். டீயில் ஆடை படிவதற்குள் சண்டை செத்துப்போகும். தோற்றவன் முகத்தில் கோபம் இருக்காது, ஜெயித்தவன் முகத்தில் திமிர் இருக்காது. ரெண்டு பேரும் ஏதோ பஸ் நேரம் கேட்டுத் தெரிந்துகொண்ட மாதிரி எழுந்து போவார்கள்.

"இதுக்கு எதுக்குடா உங்களுக்கு வாயின்னு ஒண்ணு?" என்று தவமணி சத்தமாகவே கேட்பார். சிரித்துவிட்டுப் போவார்கள். கோபித்துக்கொள்ளக்கூட மாட்டார்கள். அது அவருக்கு இன்னும் எரிச்சல்.

அந்தக் காலத்தில் முச்சந்தி என்று ஒன்று இருந்தது. இணையத்தில் தமிழில் பேசிக்கொள்கிற மன்றம். எங்கெங்கோ இருந்த தமிழ் ஆட்கள் வேலை நேரத்தைத் திருடிக்கொண்டு வந்து அங்கே உட்கார்ந்து அடித்துக்கொள்வார்கள். தமிழுக்கு எந்த எழுத்துரு என்று ஒரு சண்டை. வலைப்பக்கத்தைக் கட்டம் கட்டமாக அட்டவணை போட்டுக் கட்டுவதா, கூடாதா என்று ஒரு சண்டை. அது பங்குனியில் ஆரம்பித்துச் சித்திரை வெயில் வரைக்கும் ஓடியது. கலிபோர்னியாவில் இருந்த ஒருத்தன் அதில் மனசு ஒடிந்து "இனி வர மாட்டேன்" என்று எழுதிவிட்டுப் போய், மறுநாள் காலையே வந்து பதில் எழுதினான். அதுதான் மனுஷன் போடுகிற சண்டை.

தவமணி எட்டாவதில் தவறியவர். புரோகிராம் எழுதத் தெரியாது. நண்பன் சவரிமுத்துவும் அவரும் கூட்டாக மெங்கில்ஸ் ரோட்டில் அமலா நெட் கஃபே நடத்தினார்கள். பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவது, கேபிள் இழுப்பது, சுண்டெலி கடித்த ஒயரை ஒட்டுவது எல்லாம் தவமணி. அதனால் மன்றத்தில் அவருக்குக் கம்பி என்று பெயர். சவரிக்கு ஒண்ணேகால் என்று பெயர். ஒரு மணி நேரத்துக்குக் காசு கொடுத்தவனை ஒண்ணேகால் மணி நேரம் உட்கார விடுவான் அவன். அவன் பொண்டாட்டி அமலா திட்டுவாள். "பாதி மெயில்ல எப்படி எழுப்புறது, பாவம்" என்பான்.

அங்கே யாரும் சொந்தப் பெயரைச் சொல்லிக்கொள்வதில்லை. அது எழுதாத சட்டம்.

ஐப்பசி மாசத்தில் ஒருநாள் காலை அவர் வீட்டுக் கதவை ஒரு பெண் தட்டினாள். நாற்பதைத் தாண்டியவள். குடையைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். தவமணி கதவைப் பாதி திறந்து, மீதிக்குக் காலைக் கொடுத்து நின்றார்.

"என்ன விக்கிற?"

"எதுவும் விக்கலைங்க. நீங்க தவமணி பெரியப்பாதானே?"

"பெரியப்பாவா? யாரு கேக்குறது?"

"நான் ஜெசிந்தா. சவரிமுத்து மக."

தவமணி காலை எடுக்கவில்லை. ஒருத்தர் குரலை இன்னொருத்தருக்கு மாட்டி, ஒருத்தர் முகத்தை இன்னொருத்தருக்கு ஒட்டிக் கழுத்தறுக்கிற காலம் இது. போன வருஷம் எதிர்வீட்டுக்காரனுக்குச் செத்துப்போன அவன் அக்காவே போன் செய்து பேசினாள்.

"சவரி மகளா? சரி. கடையில மாதா படத்துக்குப் பக்கத்துல உங்கம்மா என்ன வச்சிருந்தா, சொல்லு."

அவள் யோசித்தாள். "எனக்கு எப்படிங்க தெரியும்? கடையை மூடுறப்போ எனக்கு மூணு வயசோ நாலு வயசோ."

தவமணி கதவைத் திறந்துவிட்டார். ஏமாற்ற வந்தவளாக இருந்தால் ஒரு பதில் வைத்திருப்பாள்.

"அமலா எப்படியிருக்கா?"

"அம்மா போன மாசம் தவறிட்டாங்க பெரியப்பா."

அவர் நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த நாற்காலியில் அவரே உட்கார்ந்துவிட்டார். சவரி வத்தலக்குண்டு ரோட்டில் லாரி அடித்துப் போன பிறகு ஒரு வருஷம் போல அமலாவும் அவரும் கடையை ஓட்டிப் பார்த்தார்கள். அப்புறம் அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தஞ்சாவூர்ப் பக்கம் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். கடை போனது. தவமணி அதற்கப்புறம் விட்ட தாடியை இன்றுவரை எடுக்கவில்லை.

"அப்பா பக்கத்துலதான் வைக்கணும்னு சொல்லியிருந்தாங்க. இங்க கொண்டுவந்து மரியநாதபுரத்துல அடக்கம் பண்ணியாச்சு. உங்க வீடு அப்புறம்தான் தெரிஞ்சது" என்றாள் ஜெசிந்தா. "கல்லறைத் திருநாளுக்கு முந்தி கல் வைக்கணும். ரெண்டு பேர் முகமும் அதுல பொறிக்கணும். அம்மா முகம் இருக்கு. அப்பா முகம் எங்கயுமே இல்ல."

"கல்யாண ஆல்பத்தை அவ சவரியோட சவப்பெட்டிக்குள்ளயே வச்சுட்டா. நான் வேணாம்மானு சொன்னேன். கேக்கல" என்றார் தவமணி.

"வாக்காளர் அட்டை ஒண்ணு இருக்கு. அதுல இருக்கறது அப்பாவா கரியடுப்பான்னு தெரியல."

தவமணிக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. "அவனுக்கே தெரியாம இருந்துச்சு. ஓட்டுப் போடப் போனா, ஆபீசர் அட்டையைப் பார்ப்பான், இவனைப் பார்ப்பான், 'போய்யா உள்ளே'ம்பான். கேமராவைக் கண்டாலே ஒளிஞ்சுக்குவான் உங்கப்பன். எங்க முகம் தேடுவ?"

"முச்சந்தி ஆளுங்க கடை வாசல்ல நின்னு எடுத்த படத்துல மட்டும் மாட்டிக்கிட்டாருன்னு அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க. அந்தப் படத்தை முச்சந்தியிலயே தேடி எடுத்துட்டேன்." படம் காட்டுகிற மெல்லிய தகடு ஒன்றை மடியில் விரித்தாள். "இதுல யாரு பெரியப்பா அப்பா?"

தவமணி கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். அந்தப் படத்தை எடுத்ததே அவர்தான். கடன் வாங்கிய மூணு மெகாபிக்சல் கேமரா. பொத்தானை அமுக்கினால் அது யோசித்து, பெருமூச்சு விட்டு, அப்புறம்தான் எடுக்கும்.

படம் பளபளவென்று இருந்தது. வேண்டாத பளபளப்பு. பெயர்ப் பலகையில் பாதி உரிந்து கிடந்த எழுத்து முழுசாக இருந்தது. கோயம்புத்தூரிலிருந்து வந்த நாகலிங்கம் நடுவில் நின்றான். மதுரைக்காரர்கள் நின்றார்கள். வலது ஓரத்தில், கதவு நிலையோடு ஒட்டிக்கொண்டு சவரி நின்ற இடத்தில், ஒரு பச்சைத் திரை தொங்கியது.

"இங்க நின்னான்" என்று விரலை வைத்தார்.

"அது திரை பெரியப்பா."

"திரையை எனக்குத் தெரியாதா? நான் மாட்டுன திரை. அது உள்ள கேபினுக்குப் போட்டது. வாசலுக்கு எவனாவது திரை போடுவானா, அது பிரவுசிங் சென்டரா இல்ல பிரசவ வார்டா? இங்க உங்கப்பன் நின்னான். நான் கேமராவுக்குள்ள பார்த்தேன்."

வெளியே கொய்யா மரத்தில், கிளி விரட்டுவதற்காக அவர் கட்டிவிட்ட பழைய சிடிக்கள் மழைக்காற்றில் திரும்பித் திரும்பி ஆடின. அதில் ஒன்றில்தான் அசல் படம் இருந்தது. எந்த ஒன்று என்று தெரியாது. தெரிந்தாலும் பிரயோஜனமில்லை. வெள்ளிப் பூச்சு உரிந்து, எல்லாவற்றிலும் அந்தப் பக்கத்து வானம் தெரிந்தது.

முச்சந்தி இன்னும் சாகவில்லை. பத்திருபது கிழங்களும், வேடிக்கை பார்க்க வருகிற சில சின்னதுகளும் உண்டு. தவமணி ஒற்றை விரலால் எழுதினார்.

"எங்க ஒண்ணேகாலைத் திரைச்சீலை ஆக்குனது எவன்யா?"

ஒரு சின்னது உடனே பதில் போட்டது. "வணக்கம் ஐயா. சேமிக்கப்பட்ட படங்கள் பொதுவாகத் தவறு செய்வதில்லை. தங்கள் நினைவை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளலாமே."

"உங்க தாத்தனைப் போய்ச் சரிபாருடா" என்று எழுதினார். அதுவும் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு பூ அனுப்பியது.

அப்புறம் பிக்சல் வந்தான். நாகலிங்கத்துக்கு மன்றத்தில் அந்தப் பெயர். படித்தவன், பெரிய கம்பெனியில் படம் சுருக்குகிற வேலையிலேயே தலை நரைத்தவன். மன்றத்தை இப்போது கட்டிக் காப்பவனும் அவன்தான். நாற்பது வருஷமாகத் தவமணி எதைச் சொன்னாலும் மறுத்துச் சொன்னவன்.

"கம்பி, இன்னும் போகலையா நீ?"

"உன்னை அனுப்பிட்டுத்தான்யா போவேன். பதில் சொல்லு."

எழுதி மாளாது என்று அவனே அழைத்தான். ஜெசிந்தாவும் கேட்கட்டும் என்று தவமணி சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

"அம்மா, எளிமையா சொல்றேன்" என்றான் நாகலிங்கம். "முன்னெல்லாம் ஒரு படம்னா அதுல இருக்கற புள்ளி அத்தனையையும் மூட்டை கட்டி அடுக்கி வச்சோம். அடுக்கி அடுக்கி, ஊர் ஊரா கிடங்கு. அந்தக் கிடங்குங்க சூடாகாம இருக்கக் குடிச்ச தண்ணியில ஏரியே வத்திப்போச்சு. அதுக்கப்புறம்தான் சட்டம் வந்துச்சு. மூட்டையைத் தூக்கிப் போட்டுட்டு, சாரத்தை மட்டும் வச்சுக்கிட்டோம்."

"சாரம்னா?"

"சமையல் குறிப்புன்னு வச்சுக்கோயேன். கடை வாசல், வெயில், இன்னின்னார் நிக்கிறாங்க. நீ படத்தைத் திறக்கறப்போ அந்தக் குறிப்பை வச்சு அந்த நிமிஷம் புதுசா சமைச்சுத் தருது. பெயர் குறிச்ச முகத்தை மட்டும் அச்சுப் பிசகாம காப்பாத்தும். குறிக்காத முகம் பெருசா இருந்தா ஓரளவு அச்சு தங்கும். ஓரத்துல, பாதி மறைஞ்சு, மங்கலா இருந்தா, சுவர், கூட்டம், திரைன்னு ஒரு வார்த்தையில மடிச்சிடும்."

"அப்பாவை மடிச்சிடுச்சா?"

"ஆமாம்மா."

"நாசமாப் போக" என்றார் தவமணி. "சோத்தைக் கொட்டிட்டு குறிப்பை வச்சுக்கிட்டானுங்களாம். இதுக்கு இவனுக்குக் கம்பெனியில மெடல் வேற குடுத்தானுங்க."

நாகலிங்கத்துக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "யோவ் கம்பி, என் வாயைக் கிளறாதே. சாரம் எடுக்கறதுக்கு முந்தி எல்லாருக்கும் எழுதினேனா இல்லையா? 'அவங்கவங்க ஊர்ப் படத்துல யார் யாருன்னு குறிச்சுக் குடுங்க'ன்னு மூணு தடவை எழுதினேன். திண்டுக்கல் படத்துக்கெல்லாம் நீ ஒருத்தன்தான் மிச்சம். என்ன பதில் எழுதினே? நான் எடுத்து வாசிக்கட்டுமா?"

"வாசி. எனக்கென்ன பயம்?"

"'எவன் பேரையும் எவன் முகத்துல ஒட்டியும் எவன்கிட்டயும் குடுக்க மாட்டேன். என் மூஞ்சியையும் சேர்த்துச் சொல்றேன். நாளைக்கு போலீசுக்குக் குடுப்பீங்க, பேங்குக்குக் குடுப்பீங்க.' இதான் நீ எழுதினது."

ஜெசிந்தா தவமணியைப் பார்த்தாள். அவர் தாடியைச் சொறிந்தார்.

"இப்பவும் அதேதான் சொல்றேன்" என்றார். ஆனால் சத்தம் கொஞ்சம் இறங்கியிருந்தது.

நாகலிங்கமும் சத்தத்தை இறக்கினான். பிறகு, "ஒண்ணு இருக்கு" என்றான். "படத்தைத்தான் மடிச்சோம். எழுத்தை மடிக்கலை. எழுத்து இடம் பிடிக்காது. அந்தப் படத்தைப் போட்ட அன்னிக்கு நடந்த சண்டை அப்படியே இருக்கு. அனுப்பறேன், படி."

தகட்டில் அது வந்தது. அந்தக் காலத்து நீல எழுத்து, சாம்பல் கட்டம். ஜெசிந்தா வாய்விட்டு வாசித்தாள்.

"பிக்சல்: படம் அருமை. ஆனால் வலது ஓரத்தில், அன்று நான் கவனிக்கவே கவனிக்காத ஆவி ஒன்று நிற்கிறதே, யார்? ரொம்பச் சுருக்கிவிட்டீர்கள், முகம் கட்டம் கட்டமாகச் சிதறிக் கிடக்கிறது.

கம்பி: ஆவி இல்ல, எங்க ஒண்ணேகால். சுருக்கவும் இல்ல ஒரு மண்ணும் இல்ல, அவன் மூஞ்சியே அப்படித்தான்.

பிக்சல்: கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாரே? கேமரா தாமதம். ஒன்று, இரண்டு எண்ணி எடுத்திருக்க வேண்டும்.

கம்பி: கேமராவைச் சொல்லாதே. நான் சரியாத்தான் அமுக்கினேன்.

கலிபோர்னியாக்காரன்: ஃப்ளாஷ் அடித்தால் எல்லாரும் கண்ணை மூடுவார்கள். இது கேமரா குற்றமும் அல்ல, கம்பி குற்றமும் அல்ல.

பிக்சல்: பட்டப்பகலில் ஏது ஃப்ளாஷ்? அவர் சட்டை கட்டம் போட்டதா, அல்லது அதுவும் சுருக்கியதால் வந்த கட்டமா?

ஒண்ணேகால்: எல்லாரும் நிறுத்துங்கப்பா. சட்டை கட்டம் போட்டதுதான், பொண்டாட்டி எடுத்துக் குடுத்தது. கண்ணை நானேதான் மூடினேன். பாப்பா உள்ள அழுவுற மாதிரி இருந்துச்சு. காதைக் குடுத்துக் கேட்டேன்."

ஜெசிந்தா அதற்கு மேல் வாசிக்கவில்லை. கடைசி வரியை மறுபடி ஒருமுறை மனசுக்குள் வாசிப்பது உதட்டில் தெரிந்தது.

"அந்தப் பாப்பா நானா?"

"வேற எத்தனை பாப்பா இருந்துச்சு எங்க கடையில?" என்றார் தவமணி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் ஒன்றும் அழுக்கு இல்லை. அந்தச் சண்டை எழுதுகிறபோது சவரி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ரெண்டு பேரும் ஒரே அறையில் இருந்துகொண்டு, ஊர் உலகம் பார்க்க மன்றத்தில் அடித்துக்கொண்டது ஞாபகம் வந்தது. அவன் எழுதுவான், எழுதிவிட்டு இவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பான். அந்தச் சிரிப்பைச் சாரம் எடுக்க ஒரு மெஷின் வந்ததா என்ன?

"இந்த எழுத்தை வச்சு அந்த ஆளைத் திருப்பி வரையச் சொல்லலாம்" என்றான் நாகலிங்கம். "உங்க கடையில எடுத்த மத்த படமும் மன்றத்துல கெடக்கு. அதுல பேர் குறிக்காத முகம் எங்கெங்க தங்கியிருக்கோ எல்லாத்தையும் ஒண்ணோட ஒண்ணு வச்சுப் பார்த்து, அந்தத் திரை இருந்த இடத்துல ஆளை நிறுத்தும். ரெண்டு நாள் குடு."

"வேணாம்" என்றார் தவமணி. "சவரியைத் தெரியாத கழுதை சவரியை வரையுமா? எழுத்துல மூக்கு இருக்கா, முழி இருக்கா?"

"பெரியப்பா" என்றாள் ஜெசிந்தா. "அம்மா முகத்துக்குப் பக்கத்துல திரையையா பொறிக்கிறது?"

தவமணி போனைப் பார்த்து, "ரெண்டு நாள்தானே, செஞ்சு தொலை" என்றார்.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின வாரம் மரியநாதபுரத்துக்கு வரச் சொன்னாள். ஜெசிந்தாவின் சித்தி வீடு. பகல் சாப்பாடு போட்டார்கள். தவமணி சட்டைக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்துக்கொண்டு வந்திருந்தார். சாப்பிட்டு முடித்துச் சுவரில் தகட்டை மாட்டினாள். நாகலிங்கம் கோயம்புத்தூரிலிருந்து குரலாக வந்து உட்கார்ந்தான்.

"பாருங்க" என்றான்.

பச்சைத் திரை மெல்லக் கலங்கியது. அதில் கட்டம் விழுந்தது. கட்டம் சட்டையானது. கதவு நிலையில் சாய்ந்த ஒரு தோள் வந்தது, கழுத்து வந்தது, ஒரு முகம் வந்து கண்ணைத் திறந்து எல்லாரையும் பார்த்தது. இளவட்டம். நீள மூக்கு. முகவாயின் நடுவில் கட்டைவிரல் வைத்து அமுக்கின மாதிரி ஒரு குழி.

ஜெசிந்தா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

"அப்பா!" என்றாள். நாற்பது வயசுப் பெண்ணின் குரலே இல்லை அது. "பெரியப்பா, இவருதான்! எனக்குத் தெரியும். அப்பா முகம் ஞாபகமே இல்லன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். இந்தக் குழியில நான் விரலை விட்டு அமுக்குவேன். என்னைத் தூக்கி வச்சுக்கிட்டு, கம்ப்யூட்டர்ல மீன் காட்டுவாரு. திரை முழுக்க மீன் போகும். ஆரஞ்சு மீன் வந்தா நான் கத்துவேன். அவரும் கூடக் கத்துவாரு!"

தவமணி வாயைத் திறந்தார்.

சவரியின் முகம் உருண்டை. முகவாயில் குழியும் இல்லை குண்டும் இல்லை. சப்பை மூக்கு. அந்த மூக்கைச் சொல்லியே அமலா அவனை ஓட்டுவாள்.

அந்த மீன் தொட்டி ஸ்க்ரீன் சேவரை வாசல் பக்கத்துக் கம்ப்யூட்டரில் போட்டது தவமணி. சவரியைப் புதைத்துவிட்டு வந்து மறுபடி கடை திறந்தபோது, பிள்ளை வாசலையே பார்த்து அழுதது. எதைக் காட்டியும் அடங்கவில்லை. மீன் காட்டினதும் அடங்கியது. அந்த வருஷம் முழுக்க அமலா கல்லாவில் உட்கார்ந்திருக்க, பிள்ளை அவர் இடுப்பில்தான் கிடந்தது. ஆரஞ்சு மீனுக்குக் கூடக் கத்தினது அவர்தான்.

அவர் கை தானாகத் தாடிக்குள் போயிற்று. ரோமத்துக்கு அடியில், எத்தனையோ வருஷமாகக் கண்ணாடியே பார்க்காத அந்தக் குழி, விரலுக்கு அகப்பட்டது.

பேர் குறிக்காத முகம். அமலா நெட் கஃபேயில் எடுத்த படங்களில் ஏணி மேலே, பேட்டரிப் பக்கத்தில், வாசலில் டீ கிளாசோடு, பெரிசு பெரிசாகப் பேரில்லாமல் நின்ற முகம் ஒன்றே ஒன்றுதான். சவரிதான் கேமராவைக் கண்டால் ஒளிந்துகொள்வானே. பேரைக் கொடுக்க மாட்டேன் என்று இவர் எழுதின நாளில், அந்தக் கடையில் பேரில்லாத ஆள் ரெண்டு பேர். மெஷின் ரெண்டையும் ஒரு ஆளாக்கிவிட்டது.

"என்ன கம்பி, சத்தமே இல்ல?" என்றான் நாகலிங்கம். "சண்டைக்கு வருவேன்னு நான் தயாரா இருக்கேன்."

ஜெசிந்தா திரும்பினாள். கண்ணெல்லாம் தண்ணீர், முகமெல்லாம் சிரிப்பு. "சொல்லுங்க பெரியப்பா. அப்பாதானே?"

வாழ்நாள் முழுக்க எதையும் "ஆமாம்" என்று சொல்லிப் பழக்கமில்லாத வாய். கலிபோர்னியாக்காரனை அழ வைத்த வாய். தவமணி சுவரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். இல்லை என்றால் அந்த இடத்தில் மறுபடி ஒரு பச்சைத் திரை தொங்கும். ஆமாம் என்றால்?

"சவரி கண்ணை மூடியிருந்தான்" என்றார். "இது முழிச்சுக்கிட்டு நிக்குது."

நாகலிங்கம் அந்தப் பக்கம் சிரிக்கிற சத்தம் கேட்டது. "இவன் திருந்தவே மாட்டான்மா. நல்லா கண்ணு தெரியற மாதிரி இருந்தா கல்லுக்கு எடுப்பா இருக்குமேன்னு அதுவே திறந்து வச்சிருக்கு."

"இல்ல அங்கிள். மூடியே இருக்கட்டும்" என்றாள் ஜெசிந்தா. "நான் அழுறது கேக்குதான்னு பார்த்தாரே, அது வேணும்."

சுவரில் இருந்த முகம் மெதுவாகக் கண்ணை மூடிக்கொண்டது.

தன் முகம் கண்ணை மூடிப் படுத்தால் எப்படியிருக்கும் என்று எந்த மனுஷனும் பார்த்ததில்லை. கல்வெட்டுக்காரன் இதைக் கறுப்புக் கல்லில் பொறிப்பான். கீழே சவரிமுத்து என்று போடுவான். அமலாவுக்குப் பக்கத்தில் வைப்பார்கள். அமலா என்ன நினைப்பாள்? "ஏண்ணே, இங்க என்னண்ணே பண்றீங்க?" என்பாள்.

"கேக்குற மாதிரியே இருக்கு பாருங்க" என்றாள் ஜெசிந்தா. தலையைச் சாய்த்து அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் செருப்பைத் தேடினார்.

"காப்பி குடிச்சிட்டுப் போலாம் பெரியப்பா. கல் வைக்கிற அன்னிக்கு நீங்கதான் முதல்ல மெழுகுவர்த்தி ஏத்தணும்."

"பார்ப்போம்."

வாசல் தாண்டித் தெருவுக்கு வந்ததும் சட்டைப் பையில் போன் அடித்தது. நாகலிங்கம். இப்போது அவனுக்கும் இவருக்கும் மட்டும்.

"கம்பி."

"என்ன?"

"அந்தப் படம் எடுக்கறதுக்கு முந்தி கேமராவை உன் கையில குடுத்தது நான்தான். உன் மூஞ்சியை நான் அன்னிக்குக் கிட்டத்துல பார்த்தேன். முகவாயில குழி யாருக்கு இருந்துச்சுன்னு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

தவமணி நடந்துகொண்டே இருந்தார். மழை விட்டிருந்தது. சர்ச் மணி ஒரு தடவை அடித்து நின்றது.

"அவ கிட்ட சொல்லணும்னா சொல்றேன். மெஷின் பிசகிடுச்சு, இன்னொரு தடவை பார்ப்போம்னு. இன்னொரு தடவை எங்க பார்க்கறது, அவன் முகம் எங்கயும் இல்ல. அது வேற விஷயம். சொல்லட்டுமா?"

"வாயை மூடிக்கிட்டு இரு."

"சரி" என்றான் நாகலிங்கம்.

நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக அவன் சரி என்றான். அது தவமணிக்குப் பிடிக்கவில்லை. நின்றார்.

"என்னய்யா சரி? உடனே சரிங்கிற? உனக்கும் காதுல பொத்தான் மாட்டிட்டானுங்களா?"

"பின்னே என்ன சொல்ல? அவளுக்கு அப்பா கிடைச்சிட்டாரு. மெஷின் கொண்டுவந்து குடுத்திருக்கு. தன்னைத் தூக்கி வச்சவன்னு அவ மனசுல யாரு இருந்தானோ அவனைத்தான் அது குடுத்திருக்கு. ஒரு தடவையாவது ஒத்துக்கோயேன், அது நல்லதுதான் பண்ணியிருக்குன்னு."

"ஒத்துக்க மாட்டேன்."

"ஏன்?"

"அவன் மூக்கு சப்பை" என்றார் தவமணி.

போனைப் பையில் போட்டார். அந்தப் பக்கம் நாகலிங்கம் என்னவோ மறுத்துச் சொல்ல ஆரம்பிப்பது துணிக்குள்ளிருந்து முனகலாகக் கேட்டது. கேட்கட்டும். கல்லறைத் தோட்டத்துக் கேட் திறந்துதான் கிடந்தது. உள்ளே ஆட்கள் புல் செதுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் உள்ளே போகவில்லை. தாடியை விரலால் நன்றாக இழுத்து முகவாய் மேல் மூடிவிட்டுக்கொண்டு, கண்ணை ஒரு நிமிஷம் மூடினார். சப்பை மூக்கும் கட்டம் போட்ட சட்டையுமாக, காதைச் சாய்த்துக்கொண்டு நின்றான் சவரி.

"இவன்தான்டா" என்று யாரிடமோ சொல்லிவிட்டு, டீக்கடைப் பக்கம் நடந்தார்.